அபர்தீன் பஜாரும் நம்ம ஊரும்

இந்தத் தீவில் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. ரொம்ப நாளாக எழுத நினைத்து, இந்த இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையில்தான் கை வந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் நாள் செல்லுலார் ஜெயில், சாயங்காலம் அங்கேயே லைட் அண்ட் சவுண்ட். இரண்டாம் நாள் ராஸ் தீவு. மூன்றாம் நாள் கப்பல் பிடித்து ஹேவ்லாக். கடைசி நாள் அபர்தீன் பஜாரில் இறக்கிவிட்டு, சங்கு, முத்துமாலை, படாக் மரச் சாமான் வாங்கிக்கொடுத்து ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த பஜாரின் நட்ட நடுவில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறதே, அதை ஆட்டோக்காரனுக்கு வழி சொல்வதற்குத் தவிர வேறு எதற்காவது நாம் திரும்பிப் பார்த்திருக்கிறோமா? "அபர்தீன்னா என்னப்பா?" என்று பிள்ளை கேட்டால் "பஸ் ஸ்டாண்டு பக்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம்.

போன வருஷம் என் மாமனார் அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். மனுஷன் ஜெயிலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "மாப்ள, இந்த ஊர்ல சந்தை என்ன கிழமை?" என்று கேட்டார். ஒரு ஊரைப் புரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்த கேள்வி அதுதான். மணப்பாறை, பொள்ளாச்சி என்று நம் பக்கத்து ஊர்களைச் சந்தையை வைத்து அடையாளம் சொல்லும் தலைமுறை அது. இங்கே கிழமைச் சந்தை கிடையாது, தினம் பஜார்தான் என்றேன். "சந்தை இல்லாம ஊரு எப்படி உண்டாச்சு?" என்றார்.

நல்ல கேள்வி. பி.காம் படித்த நான் அதைக் கேட்டிருக்க வேண்டும், ஐந்தாவது தாண்டாத அவர் கேட்டார் :-)

அதே சமயத்தில் இங்கிலாந்தில் இருக்கும் என் கல்லூரித் தோழன் அவன் குடியிருக்கும் ஊரின் படங்களை அனுப்பியிருந்தான். சின்ன ஊர்தான். நடுவில் ஒரு சதுக்கம், அதில் ஒரு மணிக்கூண்டு, பக்கத்தில் பழைய தேவாலயம், வாரத்தில் ஒரு நாள் சந்தை. அங்கே இப்படிப்பட்ட ஊர்களுக்கு 'மார்க்கெட் டவுன்' என்று தனிப் பெயரே இருக்கிறது. சந்தை கூட்டிக்கொள்ளலாம் என்று அரசன் சாசனம் கொடுப்பான், அதற்கு ஒரு கிழமையும் குறித்துக்கொடுப்பான். 1200களில் அப்படிச் சாசனம் வாங்கிய ஊர்கள் ஏராளம். முதலில் சந்தை, அப்புறம் கடைத்தெரு, அப்புறம் மணிக்கூண்டு, கடைசியில் கோர்ட்டு, ஜெயில் எல்லாம்.

நம் ஊரிலும் இந்த உருப்படிகள் எல்லாம் இருக்கின்றன, வரிசைதான் தலைகீழ். இங்கே முதலில் வந்தது கைதி. சந்தை பின்னால் வந்தது. இதைப் புரிந்துகொண்டால் ஊரே வேறு மாதிரித் தெரியும், அதனால் கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்ட் பிளேர் 1788-89ல் இந்தக் கடற்கரைகளை அளந்தார். 1789ல் சாத்தம் தீவில் ஒரு சின்னக் குடியிருப்பு போட்டார்கள். அப்போது அதற்கு 'போர்ட் பிளேர்' என்று பெயர் இல்லை. போர்ட் கார்ன்வாலிஸ்! 1792ல் குடியிருப்பை வடக்கு அந்தமானில் இன்னொரு துறைமுகத்துக்கு மாற்றினார்கள். பெயரும் கூடவே கப்பலேறிப் போய்விட்டது. அங்கே காய்ச்சலிலும் சாவிலும் தாக்குப்பிடிக்க முடியாமல் 1796ல் மூட்டை கட்டிவிட்டார்கள். பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் யாரும் குடியேற வரவில்லை.

1857 கிளர்ச்சிக்கு அப்புறம்தான் மறுபடி ஞாபகம் வந்தது. 1858 மார்ச் 10ம் தேதி டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். சாத்தத்திலும் ராஸிலும் காட்டை வெட்டியவர்கள் அவர்கள்தான். பிறகு ராஸ் தலைமையிடமானது. தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், நடன மண்டபம், அச்சகம் என்று வெள்ளைக்காரர்கள் அந்தச் சின்னத் தீவில் ஒரு குட்டி இங்கிலாந்தையே கட்டிக்கொண்டார்கள். எதிர்க்கரையில், வியர்வையும் சேறுமாக இருந்த இடம்தான் அபர்தீன்.

ஸ்காட்லாந்தில் கடலோரமாக இருக்கிறது அந்த அசல் அபர்தீன். 'லார்ட் ஹேடோ' என்பது அபர்தீன் பிரபுவின் மூத்த மகனுக்கு வழங்கும் பட்டம். நம்ம ஹேடோ வார்ஃபில் மூட்டை முடிச்சோடு கப்பலுக்கு நிற்கும்போது அப்பனும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து ஏரியாவாக இருப்பது நினைவுக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். இங்கிலாந்தில் கப்பல் கட்டும் தளத்துக்குப் பேர்போன ஊரும் சாத்தம், நம் மரமில் இருக்கும் தீவும் சாத்தம்.

ஆனால் அபர்தீன் என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முதல் நிகழ்ச்சி சிரிப்புக்குரியது அல்ல. 1859 மே மாதம், இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்களான அந்தமான் பழங்குடி மக்கள் திரண்டு வந்து குடியிருப்பைத் தாக்கினார்கள். கையில் வில், அம்பு. ஒரு வருஷம் முன்பு தப்பி ஓடிய தூத்நாத் திவாரி என்ற கைதியைக் கொல்லாமல் தங்களோடு வைத்துக்கொண்டு, பெண்ணும் கொடுத்திருந்தார்கள். அந்த மனிதன் முன்கூட்டியே ஓடிவந்து வெள்ளைக்காரர்களிடம் சொல்லிவிட்டான். அவர்கள் துப்பாக்கியோடு தயாராக இருந்தார்கள். முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. திவாரிக்கு விடுதலை கிடைத்தது. கிரேட் அந்தமானீஸ் மக்கள் இன்று ஐம்பது பேர் அளவில்தான் மிஞ்சியிருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஸ்ட்ரெய்ட் தீவில். கடற்கரையில் வாட்டர் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் பக்கம் இதற்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. நம் பிள்ளைகள் போட்டில் ஏறப் போகும்போது அதற்குப் பக்கத்தில்தான் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

மாமனார் கேள்விக்கு வருகிறேன். சந்தை எப்படி வந்தது? கைதிகள் கொஞ்ச வருஷம் ஒழுங்காக வேலை செய்தால் அவர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். 'டிக்கெட் ஆஃப் லீவ்'. தீவை விட்டுப் போகக்கூடாது, ஆனால் சொந்தமாக நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், கடை வைக்கலாம், பெண் கைதிகளில் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். ஷாதிப்பூர் என்ற பெயரே அந்தக் கல்யாணங்களால் வந்தது என்று சொல்வார்கள். பால் விற்றவன் கைதி, காய்கறி விற்றவன் கைதி, வாங்கியவனும் பாதிப்பேர் கைதி. எந்த ராஜாவும் சாசனம் எழுதிக்கொடுக்கவில்லை. தண்டனையில் சலுகை வாங்கியவர்கள் உண்டாக்கிய கடைத்தெரு இது.

எங்கள் வங்கித் தொழிலில் ஒரு கடைக்குக் கடன் கொடுக்கும்போது உரிமையாளரின் பூர்வீகம், நடத்தை எல்லாம் பார்ப்போம். இந்த பஜாரின் முதல் தலைமுறை வியாபாரிகளில் ஒருத்தருக்குக்கூட நாங்கள் கடன் கொடுத்திருக்க மாட்டோம். அத்தனை பேரும் ஆயுள் தண்டனைக்காரர்கள்! அவர்கள் வாரிசுகள்தான் நாம் 'லோக்கல் பார்ன்' என்று சொல்கிறவர்கள். 1942க்கு முன்னால் குடியேறியவர்களின் சந்ததிக்கு 'ப்ரீ 42' என்றே இங்கே பெயர் நிலைத்துவிட்டது. ஜாதி தெரியாத, தாத்தாவின் ஊர் தெரியாத, ஆனால் "இது என் ஊர்" என்று தயக்கமில்லாமல் சொல்கிற சனங்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை உண்டு.

செல்லுலார் ஜெயில் இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது. 1896ல் ஆரம்பித்து 1906ல் முடித்தார்கள். நடுவில் கோபுரம், ஏழு கைகள், ஏறத்தாழ 690 அறைகள். இன்று மூன்று கைதான் நிற்கிறது. இடித்த இடத்தில் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான், அதாவது ஜெயில் வளாகத்தில் :-) 1979ல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. ஜெயிலைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெயில் ஒன்று மட்டுமே ஊர் ஆகிவிடாது என்பதுதான் என் பேச்சு.

எங்கள் கேஷ் கவுண்டரில் இருபது வருஷமாகக் கை மாறுகிற ஒரு விஷயம் சொல்கிறேன். 2001ல் வந்த அந்தப் பழைய செம்மஞ்சள் இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். தென்னை மரங்கள், கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அது நம் ஊர்! மவுண்ட் ஹாரியட்டும் போர்ட் பிளேர் கலங்கரை விளக்கமும். ஹாரியட் என்பது 1860களில் இங்கே சூப்பரின்டெண்டாக இருந்த டைட்லர் என்பவரின் மனைவி பெயர். 1872 பிப்ரவரி 8ம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு அந்த மலையிலிருந்து இறங்கி ஹோப்டவுன் ஜெட்டிக்கு வந்தபோதுதான் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றான். பதவியில் இருந்தபோதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய். ஷேர் அலியை வைப்பர் தீவில் தூக்கில் போட்டார்கள். 2019ல் வந்த புது இருபது ரூபாயில் எல்லோரா வந்துவிட்டது. பழைய நோட்டு இன்னும் செல்லும், கையில் வந்தால் ஒன்றைப் பிள்ளைக்கு எடுத்து வையுங்கள். 2021ல் அந்த மலைக்கும் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாறிவிட்டது. 1891 போரில் தோற்ற மணிப்பூர் ராஜா குலச்சந்திரனையும் அவர் ஆட்களையும் அங்கேதான் நாடுகடத்தி வைத்திருந்தார்கள்.

பெயர் மாற்றம் என்றதும் உங்களில் பலர் நிமிர்ந்து உட்காருவீர்கள், தெரியும். 2018 டிசம்பர் 30ம் தேதி ராஸ், நீல், ஹேவ்லாக் மூன்றுக்கும் பெயர் மாறியது. 2024 செப்டம்பர் 13ம் தேதி போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சோழர்களின் கடற்படைத் தளம் இங்கே இருந்தது என்று அந்த அறிவிப்பில் சொன்னார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று ஒரே புளகாங்கிதம். புலிக்கொடி படம் நாற்பது வந்திருக்கும்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஸ்ரீவிஜயம் என்பது சோழர்களின் பேரரசு அல்ல. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பி அடித்த கடல் கடந்த ராஜ்யத்தின் பெயர் அது. அதே ஸ்ரீவிஜய அரசன் குடும்பம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டிச் சிநேகமாகவும் இருந்திருக்கிறது. ராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில் நிக்கோபாருக்கு உள்ள பெயர் மாநக்கவாரம். அறிவிப்பில் 'விஜயம்' என்பதற்குச் சுதந்திரப் போராட்ட வெற்றி என்று விளக்கம் கொடுத்தார்கள், சரி. ஆனால் புலிக்கொடி அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஸ்ரீவிஜயம் யார் என்று தெரியும்? பெயர் மாறினால் நமக்கு ஊர் தெரிந்துவிடாது. போர்ட் பிளேர் என்று இருந்தபோது பிளேர் யார் என்று கேட்கவில்லை, இப்போது விஜயபுரம் என்றால் எந்த விஜயம் என்று கேட்கவில்லை. பலகை மாறியிருக்கிறது, நாம் மாறவில்லை. பிளேரின் பெயரே இன்னொரு பெயரைத் துரத்திவிட்டு உட்கார்ந்ததுதான் என்பதால் எனக்கு இந்தப் பெயர் மாற்றத்தில் பெரிய கோபமும் இல்லை, பெரிய கொண்டாட்டமும் இல்லை.

இன்னொரு பெயர் சொல்கிறேன், இதற்குத் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நாம். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் தீவைப் பிடித்தான். 1943 டிசம்பர் 30ம் தேதி நேதாஜி இங்கே கொடி ஏற்றினார். இது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் இந்தத் தீவுகளுக்கு கவர்னராக 1944ல் வந்தவர் யார்? ஆற்காடு துரைசாமி லோகநாதன். நம்ம ஆள்! மருத்துவர், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர். ஆனால் அவர் கதை பெருமையாக மட்டும் சொல்லக்கூடியது அல்ல. ஜப்பான்காரர்கள் போலீஸையும் உளவையும் அவர் கையில் கொடுக்கவே இல்லை. உண்மையில் அவர் கைக்கு வந்தது கல்வித்துறை மட்டும்தான். அவர் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஜனவரி 30ம் தேதி, ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லி ஜப்பான்காரர்கள் சுட்டுப் புதைத்திருந்தார்கள். டாக்டர் திவான்சிங் அதே மாதம் ஜெயிலில் சித்திரவதையில் செத்துப்போனார். இதற்கு நடுவில் அதிகாரம் இல்லாத கவர்னராக உட்கார்ந்திருந்து, உடம்பும் கெட்டு, அந்த வருஷமே திரும்பிப் போனார் லோகநாதன். ஒரு தமிழன் இந்தத் தீவில் கவர்னராக இருந்ததும், இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போனதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? பொங்கல் விழாவில் பட்டிமன்றம் நடத்துகிறோம், சினிமாப் பாட்டுக்கு ஆட வைக்கிறோம். இவர் பெயரை ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை.

வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பெயரை இங்கே நட்டான் என்று மேலே சொன்னேனில்லையா? அவன் மட்டும் இல்லை. 1921 கலவரத்துக்குப் பிறகு நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைமார்கள் வந்து இறங்கிய இடங்களைப் பாருங்கள். காலிகட், மஞ்சேரி, மலப்புரம், வண்டூர். தெற்கு அந்தமான் முழுக்க மலபார் பெயர். கையில் விலங்கோடு வந்தவன்கூடத் தன் ஊர்ப் பெயரை இந்த மண்ணில் ஊன்றிவிட்டுப் போயிருக்கிறான். 2011 கணக்குப்படி இந்தத் தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்து மூன்றாவது மொழி தமிழ், நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு. ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, திருநெல்வேலி என்று பிழைப்புக்கு வந்து, பொதுப்பணித்துறை ரோடு போட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கடை வைத்து ஆன கூட்டம். கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்கு என்று இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களைக் குடியேற்றினார்கள். 2004 சுனாமியில் அந்தத் தீவு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இத்தனை பேர் இருந்தும் இங்கே ஒரு 'பரமக்குடி', ஒரு 'திருப்பத்தூர்' நம் முகவரிகளில் நான் பார்க்கவில்லை. கோயில் கட்டினோம், மறுக்கவில்லை. வெற்றிமலை முருகனுக்குப் பங்குனி உத்திரத்தன்று எடுக்கிற காவடியைப் பார்த்தால் கண் கலங்கும். ஆனால் கோயிலைத் தாண்டி ஊருக்குள் நாம் வரவில்லை.

ஏன் என்று எனக்கு ஒரு அனுமானம் இருக்கிறது. அது என் மேஜையிலேயே தினமும் வருகிறது. கணக்கு ஆரம்பிக்கும் படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு. தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் செய்து, ஐலண்டர் கார்டும் கையில் வைத்திருக்கிற நாற்பது வயதுத் தமிழர் நிரந்தர முகவரியில் ராமநாதபுரம் மாவட்டம் என்று எழுதுவார். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "பெரியப்பா வீடு சார், பூட்டித்தான் கெடக்கு" என்பார். கப்பல் சலுகைக் கட்டணத்துக்கு ஐலண்டர், மனசுக்கு முதுகுளத்தூர். நான் குறை சொல்லவில்லை. மூன்று வருஷ போஸ்டிங் என்று வந்து, நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி ஏழாவது வருஷம் ஓட்டுகிற எனக்கும் அருப்புக்கோட்டைதான் நிரந்தரம். ஆனால் என் பெண்ணுக்கு? அவளுக்கு அருப்புக்கோட்டை என்றால் வருஷத்துக்கு இருபது நாள், வெயில், பாட்டி வீட்டுச் சீவல் டப்பா. கனவில் வருகிற தெரு இந்த ஊர்த் தெருதான். இந்தி அவளுக்கு நம் எல்லோரையும் விட நன்றாக வருகிறது. அந்தப் பிள்ளையிடம் "இது நம்ம ஊர் இல்லை" என்று தினம் சொல்லிக்கொண்டே இருந்து, பதிலுக்கு ஒரு ஊரையும் கொடுக்காமல் விட்டால் அது நியாயமா?

"வெள்ளைக்காரன் மணிக்கூண்டுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். மதுரையில் நாயக்கர் மகாலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தமோ அதேதான். நான் நாயக்கரும் இல்லை, ராஜாவும் இல்லை. அந்த நிழலில் நடந்து வளர்ந்தேன், அதனால் என்னுடையது. இன்னொருவர், "இதெல்லாம் டூரிஸ்ட் வேலை" என்றார். டூரிஸ்ட் மூன்று நாளில் போய்விடுவான். சிப்பிகாட்டில் 2004ல் நிலம் அமுங்கி, நெல் விளைந்த வயலில் கடல் ஏறி நிற்பதை அவன் வண்டி ஜன்னலில் 'அழகான ஏரி' என்று போட்டோ எடுப்பான். அது யாருடைய வயல் என்பதை இங்கே இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

பஜாருக்கு அவசரமும் இருக்கிறது. தகரக் கூரை, படாக் மரச் சட்டம், மாடியில் மரக் கிராதி வைத்த பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றாகப் போய் கான்கிரீட் எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த மாதிரி மரக் கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது சைபர், நிலத்துக்குத்தான் மதிப்பு. கணக்குப்படி அது சரி, விதி அப்படித்தான். கடைக்காரரும் பிழைக்க வேண்டும், மழை ஒழுகும் கூரையின் கீழ் வரலாற்றைக் காப்பாற்று என்று அவரிடம் நான் சொல்ல முடியாது. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைக்க ஒரு பைசா செலவில்லை.

அதனால் நம் சங்கத்துக்காரர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டுவிழாவில் ஒரு அரை மணி நேரம் லோகநாதனுக்குக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளை மணிக்கூண்டிலிருந்து நடத்திக் கூட்டிப்போங்கள். பஜார் வழியாக, ஜெயில் மதிலோரம், கீழே கடற்கரையில் 1859 நினைவுச்சின்னம் வரை. அங்கிருந்து எதிரே ராஸ் தெரியும். 1941 ஜூன் 26ம் தேதி நிலநடுக்கத்தில் விரிசல் விட்டு, மறு வருஷம் ஜப்பான்காரன் வந்து, பிறகு யாருமே திரும்பிக் குடிவராமல் ஆலமர வேர் விழுங்கிய அந்தக் குட்டி இங்கிலாந்தைக் கையைக் காட்டிச் சொல்லுங்கள். ஆண்டவன் தீவு அழிந்துபோய், கைதியின் கடைத்தெரு இன்னும் வியாபாரம் செய்கிறது என்பது பத்து வயசுப் பிள்ளைக்கும் புரியும்.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த நம் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் செல்போனை வைத்துப் பேசப் பதிவு செய்யுங்கள். எந்தக் கப்பலில் வந்தீர்கள், எந்த ஜெட்டியில் இறங்கினீர்கள், முதல் வேலை யார் கொடுத்தது, முதல் ராத்திரி எங்கே படுத்தீர்கள். இந்த நாலு கேள்வி போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். நான் பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் ஆரம்பித்துவிட்டேன். "எங்கதைய எதுக்கு சார் கேக்கீக, நான் என்ன தியாகியா?" என்று முதலில் கூச்சப்பட்டார். பிறகு கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். கப்பலின் பெயரைச் சொன்னார், கூட வந்த பதினோரு பேரின் பெயரையும் ஊரோடு சொன்னார். அதில் மூன்று பேரின் குடும்பம் இன்னும் இங்கே இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். என் பெண்ணும் வருகிறேன் என்றிருக்கிறாள், போனைப் பிடித்துக்கொள்ள.